கொட்டப்பெட்டியில் ஐந்து வெற்றிலை

கீழ்க்கரை மின்சாரக் கம்பனிக்குக் கம்பனி என்றுதான் பெயர். பங்குக்காரன் ஒரே ஒருவன், அவன் அரசாங்கம். இயந்திரம் அரசாங்கத்துடையது, கம்பங்களும் கம்பிகளும் அரசாங்கத்துடையவை. யுத்தம் வந்த பிறகு அங்கே வேலைசெய்த ஆட்களும் அரசாங்கத்தின் சாமான்களாகிப் போனார்கள். அத்தியாவசிய சேவை என்று ஒரு கட்டளை வந்தது. யுத்தம் முடியும்வரை மின்சார வேலைக்காரன் எவனும் தானாக வேலையை விட்டுப் போகக்கூடாது, போனால் சிறை, ஊர்ப்பேச்சில் மறியல். அதை மூன்று பாஷையில் அச்சடித்து இயந்திரச் சாலையின் கதவிலேயே ஒட்டிவிட்டுப் போனார்கள். சாமித்தம்பிக்கு ஒரு பாஷைதான் வாசிக்கத் தெரியும். அது போதுமாக இருந்தது.

சாமித்தம்பி மட்டக்களப்பில் புளியந்தீவு இயந்திரச் சாலையில் சுவிச்சுக்காரன். சாலையின் மூலையில் இரும்புக் கம்பிவலை அடித்த சிறிய அறை ஒன்று உண்டு. கம்பனிக் காகிதங்களில் அதற்கு என்ன பெயரோ, வேலைக்காரர்கள் வைத்த பெயர் கோழிக்கூடு. அதற்குள்ளேதான் பெரிய சுவிச்சு இருந்தது. பகல் முழுக்கக் கம்பிகளில் மின்சாரம் கிடையாது. பின்னேரம் ஐந்தரைக்கு இயந்திரத்தைக் கிளப்பி, ஆறு மணி அடிக்கச் சாமித்தம்பி சுவிச்சைப் போட்டால் புளியந்தீவிலும், பாலத்துக்கு அந்தப் பக்கம் கல்லடியிலும் ஒன்றாக விளக்கு எரியும். எல்லாவற்றுக்கும் ஒரே சுவிச்சு, ஒரே சாமித்தம்பி. அவனுக்குப் பதிலாக நிற்க இன்னொரு ஆள் இல்லை. அதுதான் அவனைப் பிடித்த சனி.

கிரானில் அவனுடைய பெண்சாதி சீதேவிப்பிள்ளைக்குச் சீதனமாக வந்த வயல் மூன்று ஏக்கர் கிடந்தது. காணி அவளுடையது, அதைச் செய்கை பண்ணுவது அவன் பொறுப்பு. இரண்டு மாரியாக அவன் போகவில்லை, வயலும் புல் பிடித்துப் போயிற்று. புல் பிடித்தால் அவள் பாடு என்று ஊர் விட்டுவிடாது. வயல்கள் ஒன்றாகக் கிடக்கும் அந்த வட்டை முழுவதுக்கும் ஒரே சுற்றுவேலி. ஒவ்வொரு காணிக்காரனும் தன் பங்கு வேலியை அடைக்கவேண்டும். சீதேவிப்பிள்ளையின் பங்கு திறந்து கிடந்ததால் போன வருசம் யானை அந்த வழியாக வந்து அறுபது ஏக்கரை மிதித்துவிட்டுப் போயிற்று. வயல்களுக்குப் பொறுப்பான வட்டை விதானை ஊரைக் கூட்டி வைத்துச் சொல்லிவிட்டார். இந்த மாரியும் சாமித்தம்பி வந்து வேலி அடைத்து விதைக்காவிட்டால் காணியை வேறு ஆளுக்குச் செய்கைக்குக் கொடுத்துவிடுவார்கள். வேறு ஆள் கையில் போன காணி பிறகு எந்தக் காலத்தில் திரும்பி வந்தது?

சாமித்தம்பி ஆறு மாதமாகச் சுப்பிரின்டன்ட் றொசைரோ ஐயாவின் காலைச் சுற்றினான். றொசைரோ மட்டக்களப்புப் பறங்கி, தமிழ் நம்மைப்போலவே பேசுவார், நல்ல மனுசன் என்றும் சொல்லலாம், அவருக்கு மேலே ஒருவர் இல்லாத நேரங்களில். கடைசியில் கொழும்புக்கு எழுதி, பதில் ஆளுக்கும் ஒழுங்கு செய்து, சாமித்தம்பிக்கு விடுதலைக் கடிதம் எடுத்துவிட்டார். ஒக்டோபர் முதலாம் திகதியிலிருந்து அவன் போகலாம். கடிதம் அவருடைய மேசை லாச்சிக்குள் இருந்தது. சாமித்தம்பி அதைக் கண்ணால் கண்டான், முத்திரையைத் தொட்டும் பார்த்தான். அன்றைக்கு செப்டெம்பர் இருபத்தேழு. ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்து மூன்று.

இனி நல்லரத்தினத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அவன் சீதேவிப்பிள்ளையின் தம்பி, கம்பனியில் கம்பம் ஏறுகிறவன். வயல் வேலை அவனுக்குப் பிடிக்காது, சேற்றில் கால் வைத்தால் அழுதுவிடுவான், மரத்தில் ஏறச் சொன்னால் இறங்கமாட்டான். "என்ட தம்பிக்கும் ஒரு வேலை பாத்துக் குடுங்களன்" என்று சீதேவிப்பிள்ளை கேட்டுக் கேட்டு, சாமித்தம்பிதான் அவனைக் கொண்டுவந்து சேர்த்தான். மச்சான்மார் இரண்டு பேருக்கும் இயந்திரச் சாலைக்குப் பின்னால் ஒரே அறை, ஒரே அடுப்பு.

கம்பத்தில் ஆள் நிற்கும்போது யாராவது சுவிச்சைப் போட்டுவிட்டால் கதை அதோடு முடிந்தது. அதனால் முன்பெல்லாம் கம்பம் ஏறுகிறவன் சுவிச்சின் கைபிடியைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டு போவான். போன வருசம் பாலத்துக் கம்பத்தில் நிற்கும்போது நல்லரத்தினத்தின் மடியிலிருந்து அது நழுவி ஆற்றுக்குள் விழுந்தது. யுத்தகாலத்தில் இன்னொரு கைபிடி வந்துசேர மூன்று மாதம் பிடித்தது, மூன்று மாதமும் ஊர் இருட்டில் கிடந்தது. அதற்குப் பிறகு றொசைரோ கைபிடியைத் தொடவிடவில்லை. வேறு அடையாளம் ஒன்று வையுங்கள் என்றார்.

மச்சான்மார் கண்டுபிடித்த அடையாளம் கொட்டப்பெட்டி. பனையோலையில் இழைத்த சிறிய வெற்றிலைப் பெட்டி அது, சாமித்தம்பியின் மடியில் எந்த நேரமும் இருக்கும். வெற்றிலை இல்லாமல் ஒரு மணித்தியாலம் போனால் அவனுக்கு வாய் செத்துப் போகும், இரண்டு போனால் தலையிடி வரும், மூன்று போனால் ஒருவரும் பக்கத்தில் போக ஏலாது. கம்பம் ஏறப் போகும்போது நல்லரத்தினம் அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டு போவான். அதைக் கொண்டுவந்து கொடுத்தபிறகுதான் சுவிச்சு. மறந்துபோகிற சாமான் இல்லையே. றொசைரோ சிரித்துவிட்டு அதையே சட்டமாக்கினார். அதை மீறுகிறவனைப் பொலிசில் ஒப்படைப்பேன் என்றும் சொல்லி வைத்தார்.

நல்லரத்தினத்திடம் ஒரு பழக்கம் இருந்தது. கம்பத்தின் மேலே அவன் வெற்றிலை போடமாட்டான். இரண்டு கையும் வேலைக்கு வேண்டும், போகிறவன் வருகிறவன் தலையில் துப்பவும் ஏலாது. இறங்கிக் கால் மண்ணில் பட்டதும் முதல் வேலை மச்சானின் பெட்டியைத் திறந்து ஒன்று போடுவதுதான். ஐந்து வெற்றிலை போனால் நாலு திரும்பி வரும், சில நாள் மூன்று.

"உனக்குச் சம்பளம் தாறது கம்பனியா, என்ட கொட்டப்பெட்டியா?" என்று சாமித்தம்பி ஏசுவான்.

"ரெண்டும்தான், மச்சான். கம்பனி மாசத்துக்கு ஒருக்காத்தானே தருகுது" என்பான் அவன்.

செப்டெம்பர் இருபத்தேழு மத்தியானம் கல்லடிப் பக்கத்தில் கம்பி ஒன்று தளர்ந்து தொங்குவதாகச் செய்தி வந்தது. நல்லரத்தினம் பெட்டியை வாங்கி மடியில் செருகிக்கொண்டு சைக்கிளில் போனான். போகுமுன் சாமித்தம்பி வழக்கம்போல ஐந்து வெற்றிலையை எண்ணி வைத்துக் கொடுத்தான். நாலு மணிக்கு வந்துவிடுவான் என்று பார்த்தால் ஐந்தாகியும் ஆளைக் காணவில்லை. ஐந்தரைக்கு இயந்திரம் கிளம்பியது. சாமித்தம்பி கோழிக்கூட்டுக்குள் கொட்டாவி விட்டுக்கொண்டு, தலையைப் பிடித்துக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி இருந்தான்.

ஆறு மணிக்குப் பத்து நிமிசம் இருக்க றொசைரோ உள்ளே வந்தார். கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். அரசாங்கக் கச்சேரியில் ஆறு மணிக்குப் பட்டாளத்துத் துரைமாரின் கூட்டம், அவரும் போகவேண்டும், விளக்கு ஒரு நிமிசம் பிந்தினாலும் அவருடைய தலைதான் உருளும். அவர் கையில் கொட்டப்பெட்டி இருந்தது.

"இந்தா, உன்ட பெட்டி வந்திட்டு. ஆறுக்குச் சரியாப் போடு."

"நல்லரத்தினம் எங்க ஐயா?"

"அவன் வரல்ல. காத்தான்குடி ஆதம்பாவா சைக்கிளில வந்து வாசல் படலையில தந்திட்டுப் போறான். நல்லரத்தினம் குடுக்கச் சொன்னானாம்."

ஆதம்பாவா சாரன் நெய்து விற்கிறவர், பின்னேரங்களில் கல்லடிப் பாலத்தால் கடைத்தெருவுக்கு வருவார். சாமித்தம்பிக்குத் தெரிந்த மனிதர்தான். ஆனால் கடை பூட்டுமுன் போகவேண்டிய அவசரத்தில் அவர் பெட்டியைக் கொடுத்த கையோடு பறந்துவிட்டார்.

சாமித்தம்பி பெட்டியைத் திறந்தான். கைதான் முதலில் வெற்றிலைக்குப் போயிற்று. பிறகு அப்படியே நின்றுவிட்டது. ஒன்று, இரண்டு என்று எண்ணினான். ஐந்தும் இருந்தது. பாக்குச் சீவலும் அவன் மடித்த மடிப்புக் கலையாமல் கிடந்தது.

பெட்டியை மறுபடி மூடினான்.

"ஐயா, அவன் இன்னும் இறங்கல்ல" என்றான்.

"இறங்காமலா பெட்டியக் குடுத்துவிட்டான்?"

"இறங்கியிருந்தா ஒண்டு போட்டிருப்பான் ஐயா. இதில அஞ்சும் இரிக்கு. எனக்கு வாய் செத்துப்போகும் எண்டு நினைச்சு, மேல நிண்டுகொண்டே குடுத்து விட்டிருக்கான். ஒராளைக் கல்லடிக்கு அனுப்புங்க, பாத்திட்டு வரட்டும். இருபது நிமிசம்."

றொசைரோ அவனைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார். "அஞ்சு வெத்திலைக்காக நான் துரைமாரை இருட்டில இருத்தவா? பெட்டி வந்தா சுவிச்சு. நீங்க வைச்ச சட்டம், நான் ஒப்பம் வைச்ச சட்டம். போடு."

"ஏலாது ஐயா."

"சாமித்தம்பி, உன்ட கடிதம் என்ட லாச்சிக்குள்ளதான் இன்னும் கிடக்கு."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, மறந்துவிடாதே என்றுதான் சொன்னார். சாமித்தம்பிக்கா மறக்கும்? அந்தக் கடிதத்தை நினைத்துக்கொண்டுதான் ஆறு மாதமாக நித்திரை கொண்டான். பெட்டி கையில் இருக்கிறது, சட்டம் போடு என்கிறது, மேலதிகாரி போடு என்கிறார். போட்டுவிட்டால் நாலாம் நாள் கிரானுக்கு பஸ். பிறகு என்ன நடந்தாலும் அவன் மேல் ஒரு குற்றமும் வராது. அவன் ஒரு நிமிசம் கைபிடியைப் பார்த்துக்கொண்டு நின்றான் என்பதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். பிறகு கம்பிவலைக் கதவை உள்ளுக்கிருந்து இழுத்துச் சாத்தித் திறப்பைப் பூட்டில் திருப்பினான். சுவிச்சுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்தான்.

ஆறு மணி அடித்தது. றொசைரோ கம்பிவலையைப் பிடித்துக் குலுக்கினார், கெஞ்சினார், மறியலுக்குத்தான் போவாய் என்றார், தன் பிள்ளைகுட்டியைச் சொன்னார். சாமித்தம்பி முழங்காலுக்குள் தலையை வைத்துக்கொண்டு இருந்தான். இயந்திரம் பக்கத்தில் வீணாக ஓடிக்கொண்டிருந்தது. கச்சேரியிலிருந்து ஓடிவந்த பியூனைப் பார்த்து றொசைரோ, "சுவிச்சுக்காரனுக்குப் பைத்தியம் எண்டு போய்ச் சொல்லு" என்றார்.

ஆறு இருபத்தைந்துக்கு வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டது. நல்லரத்தினம் வந்து இறங்கினான். கை இரண்டும் முழங்கைவரை கறுப்பாக, கம்பத்துத் தார் காயாமல் இருந்தது. சாமித்தம்பிக்கு உயிர் வந்தது. எழும்பிக் கதவைத் திறக்கப் போனான்.

றொசைரோ வாசலிலேயே அவனைப் பிடித்துக்கொண்டார். "எத்தனை மணிக்கு இறங்கின நீ? உண்மையைச் செல்லு. மேல நிண்டுகொண்டு பெட்டியக் குடுத்து விட்டியா? குடுத்திருந்தா இப்பவே பொலிசுக்குத்தான்."

நல்லரத்தினம் அவரைப் பார்த்தான். உள்ளே கம்பிவலைக்குப் பின்னால் நின்ற மச்சானைப் பார்த்தான்.

"அஞ்சு மணிக்கே இறங்கிட்டன் ஐயா. சைக்கிள் டயர் போயிட்டு, அதான் பெட்டிய முன்னுக்குக் குடுத்து விட்டனான்."

சாமித்தம்பியின் கை பூட்டிலேயே நின்றுபோயிற்று. ஆள் வந்துவிட்டான், இனிச் சுவிச்சைப் போடாதிருக்க ஒரு நியாயமும் இல்லை. திரும்பிப் போய்ப் போட்டான். ஊரெல்லாம் விளக்கு எரிந்தது.

மறுநாள் காலை அடுப்படியில் நல்லரத்தினம் தேத்தண்ணிக் கோப்பையை அவன் முன்னால் வைத்துவிட்டு எதிரே குந்தினான்.

"மச்சான், நான் மேலதான் நிண்டன். ஆறு அடிக்கக்குள்ளயும் கம்பி கையிலதான் இரிந்தது. வேலை முடியல்ல, நீங்க வெத்திலையில்லாமச் சாவீங்க எண்டுதான் கயித்தில கட்டி இறக்கினன். நான் வராம நீங்க போடமாட்டீங்க எண்டு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுதான் அப்பிடிச் சென்னியா அவருக்கு?"

"உள்ளதைச் சென்னா எனக்கு மறியல். உங்களுக்கு ஒரு கடிதம்தானே போகும், மச்சான்."

"கடிதம் இல்லடா. காணி."

அவனைத் தூக்கிப்போட்டு மிதிக்கவேண்டும் போல சாமித்தம்பிக்கு இருந்தது. உயிரோடு காப்பாற்றியது இதற்குத்தானா என்று நெஞ்சு கொதித்தது. ஆனால் தேத்தண்ணியை எடுத்துக் குடித்தான். அந்த அறையில் வேறு அடுப்பு இல்லை, வேறு தேத்தண்ணியும் இல்லை.

கொழும்பிலிருந்து விசாரணைக்குத் துரை வருகிறார் என்று செய்தி பரவியது. அடுத்த நாள் ஆதம்பாவா தானாகவே தேடி வந்தார், சாரன் மூட்டையைப் படலையில் சாத்திவிட்டு.

"தம்பி, பொடியன் கம்பத்து உச்சியில நிண்டுதான் கயித்தில இறக்கினான். நான் அதை உங்கட ஐயாவுக்கு விளப்பமாச் செல்லாம ஓடினது என்ட பிழை. துரை வரக்குள்ள என்னைக் கூப்பிடுங்க. அல்லாட பேரால உள்ளதைச் செல்றன்."

சாமித்தம்பிக்கு விளங்கியது. கதவு ஒன்று திறந்து கிடக்கிறது, இந்த மனிதர் வந்து ஒரு வார்த்தை சொன்னால் கடிதம் திரும்பிவிடும். ஆனால் அந்தக் கதவால் அவன் வெளியே போனால் சீதேவிப்பிள்ளையின் தம்பி மறியலுக்குள் போவான்.

"நாளைக்குச் செல்றன் காக்கா" என்றான் அந்த மூத்தவரிடம்.

மறுநாள் சீதேவிப்பிள்ளையே வந்துவிட்டாள். கிரானிலிருந்து பஸ்ஸில் வந்து, கையில் கொண்டுவந்த மீனை ஆய்ந்து, மத்தியானச் சோறு ஆக்கினாள். இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்திச் சோறு போட்டாள். நல்லரத்தினம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. யாரோ அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்கள் என்பது அவள் கறி போட்ட விதத்திலேயே தெரிந்தது. தம்பிக்கு மீன் துண்டு போடவில்லை.

அவன் எழும்பிக் கைகழுவப் போனபிறகு கேட்டாள்.

"நீங்க துரைக்கு என்னத்தைச் செல்லப் போறீங்க?"

"நீ சொல்லு. வட்டை விதானை எதுவரைக்கும் பொறுப்பார்?"

"பொறுக்கமாட்டார். வேலிப்பங்கு அளந்து கம்பும் நட்டிட்டாங்க. முதலாம் திகதி நீங்க வாறீங்க எண்டு நான் வாய்விட்டுச் சென்னனான்." அவள் சட்டிக்குள் கரண்டியைப் போட்டுக் கிண்டினாள், அதில் ஒன்றும் இல்லை. "அம்மா சாகக்குள்ள இவனை என்ட கையிலதான் தந்திட்டுப் போனா. காணியையும் என்ட கையிலதான் தந்தா. ரெண்டில ஒண்டு எண்டு அவ செல்லல்லயே."

சாமித்தம்பி சோற்றிலிருந்து கையை எடுத்தான்.

"காணி போகட்டும்" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னேர பஸ்ஸில் போகும்வரை அவள் தம்பியோடு ஒரு பேச்சும் பேசவில்லை.

ஆதம்பாவாவுக்கு வரவேண்டாம் என்று சாமித்தம்பி சொல்லியனுப்பினான்.

விசாரணை றொசைரோவின் அறையில் நடந்தது. துரைக்குத் தமிழ் தெரியாது, றொசைரோவே மொழிபெயர்த்தார். அடையாளம் கைக்கு வந்தபிறகும் ஏன் சுவிச்சைப் போடவில்லை என்று கேட்டார்கள்.

"வெத்திலை அஞ்சும் அப்பிடியே இருந்தது ஐயா."

றொசைரோ அதை மாற்றிச் சொன்னார். துரை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். பிறகு சிரித்தார். ஆறு மணிக்குக் கம்பத்தில் ஆள் நின்றானா என்று நல்லரத்தினத்தைக் கேட்டார்கள். இல்லை என்றான். நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான், அது எழுத்தில் வராது. நீ என்ன சொல்கிறாய் என்று சாமித்தம்பியைக் கேட்டார்கள். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்றான்.

அவனை மறியலுக்கு அனுப்பவில்லை. அனுப்பினால் சுவிச்சுப் போட யார் இருக்கிறார்? கீழ்ப்படியாத குற்றத்துக்கு விடுதலைக் கடிதத்தை ரத்துச் செய்து, யுத்தம் முடியும்வரை அதே இடத்தில் அதே வேலை என்று எழுதினார்கள். பதில் ஆளாக வர இருந்தவனை இதற்குள் வேறு ஊருக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். சாமித்தம்பி அன்றைக்குப் பின்னேரம் கோழிக்கூட்டைத் திறந்து உள்ளே போய், ஆறு மணிக்குச் சுவிச்சைப் போட்டான். யுத்தம் எப்போது முடியும் என்று யாரைக் கேட்பது?

கிரானில் காணியை வேறு ஆள் வேலியடைத்து விதைத்தான். சீதேவிப்பிள்ளை அதைச் சொல்லி அனுப்பியபோது பயிர் ஒரு சாண் வளர்ந்துவிட்டது. மச்சான்மார் அதே அறையில்தான் இருந்தார்கள். நல்லரத்தினம் தண்ணீர் அள்ளினான், விறகு கொத்தினான், மச்சானின் சட்டையைக்கூடத் தோய்த்துப் போட்டான். உப்புப் போதுமா, விளக்கை ஊதவா, இவ்வளவுதான் பேச்சு.

கார்த்திகை மாதத்து வாடைக்காற்றில் கல்லடிக் கம்பி மறுபடியும் அறுந்தது. நல்லரத்தினம் கம்பிவலைக்கு முன்னால் வந்து நின்று கையை நீட்டினான். யாரை விற்றானோ அவனுடைய கைக்குள் தன் உயிரை வைத்துவிட்டு அவன் கம்பத்தில் ஏறவேண்டும். ஏறமாட்டேன் என்று சொல்லவும் வழியில்லை, கதவில் ஒட்டிய கட்டளை அவனுக்கும் சேர்த்துத்தான்.

சாமித்தம்பி ஐந்து வெற்றிலையை எண்ணி வைத்துக் கொட்டப்பெட்டியைக் கொடுத்தான். "நீயே கொண்டு வா" என்றான்.

"நானே கொண்டு வாறன், மச்சான்."

அவன் போனபிறகு சாமித்தம்பிக்குக் கோழிக்கூட்டுக்குள் இருக்க முடியவில்லை. தன் கையைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஒரு நினைப்பும் இல்லை, ஆனால் நினைப்பு வந்துவிடுமோ என்ற பயம். முக்காலியை எடுத்து வெளியே போட்டு, கதவைப் பூட்டி, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். வெற்றிலையும் இல்லை, வாயும் செத்துப் போயிற்று.

ஆறுக்கு ஐந்து நிமிசம் இருக்க நல்லரத்தினம் வந்தான், நனைந்து, தார்க்கையோடு. றொசைரோ மணிக்கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நல்லரத்தினம் பெட்டியை மடியிலிருந்து எடுத்து மச்சானின் கையில் வைத்தான். சாமித்தம்பி கூட்டுக்குள் போய் அதைத் திறந்தான்.

ஐந்தும் இருந்தது.

இறங்கி மண்ணில் கால் வைத்து, மழையில் இரண்டு மைல் சைக்கிள் மிதித்து வந்திருக்கிறான். ஒன்றைக்கூடத் தொடவில்லை. அந்தப் பெட்டியிலிருந்து எடுத்துத் தின்ன அவனுக்கு இனி மனம் வராது என்பது சாமித்தம்பிக்கு விளங்கியது. விளங்கியும் அவன் கை கைபிடிக்குப் போகவில்லை. உண்மையாகவே போகவில்லை, பிடிவாதத்துக்கு இல்லை. ஐந்து வெற்றிலை இருந்தால் ஆள் மேலே நிற்கிறான் என்று அந்தக் கைக்குத் தெரியும், அதற்கு மேல் ஒன்றும் அதற்குத் தெரியாது.

"இனி என்ன மறுகா?" என்றார் றொசைரோ. "ஆள் உனக்கு முன்னாலதானே நிக்கிறான்."

"வெத்திலை அஞ்சும் இரிக்கு ஐயா. இவன் இன்னும் இறங்கல்ல."

றொசைரோவின் முகம் வெளுத்தது. பைத்தியமேதான் என்று நினைத்திருப்பார். நல்லரத்தினம் நினைக்கவில்லை. அவன் கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு நெற்றியை அதில் முட்டினான்.

"ஐயா, அண்டைக்கு நான் மேலதான் நிண்டனான்" என்றான். "ஆறு அடிக்கக்குள்ளயும் மேலதான் நிண்டன். துரைக்குப் பொய் சென்னன். என்னைப் பொலிசில குடுங்க."

அன்றைக்கு அந்தப் பெட்டியை உள்ளே கொண்டுவந்து, போடு என்று நின்றது யார் என்பது றொசைரோவுக்கு மறக்கவில்லை. மறுபடி விசாரணை வந்தால் அந்தக் கேள்வியும் வரும்.

"அது முடிஞ்ச விசயம்" என்றார் கடைசியில். "நான் ஒண்டும் கேக்கல்ல. ஆறு மணியாகுது." சொல்லிவிட்டு மழைக்குள் இறங்கி நின்றுகொண்டார்.

ஆக, உண்மை வெளியே வந்தது, வந்தும் ஒரு பூட்டையும் திறக்கவில்லை. கடிதம் வராது, காணி வராது. மூன்று பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

சாமித்தம்பி ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளினான். சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து, மடித்தான். கம்பிவலையின் ஓட்டைக்குள்ளால் அதை நீட்டினான். நல்லரத்தினத்தின் கை தாராக இருந்ததால் அவன் வாயைத் திறந்தான். சாமித்தம்பி வாய்க்குள் வைத்தான்.

"சப்பு" என்றான்.

நல்லரத்தினம் சப்பினான். கண்ணீர் மூக்கு வழியாக ஓடி வாய்க்குள் போயிற்று, துடைக்காமல் சப்பினான். ஆறு மணி அடித்தது. கொட்டப்பெட்டியில் நாலு வெற்றிலை இருந்தது. சாமித்தம்பி சுவிச்சைப் போட்டான்.